மாரிக் குளத்தில் மீன்பிடி

காலபோக விதைப்பு முடிந்து அரிவி வெட்டு வரும்வரை உள்ள மாதங்கள் வன்னியில் கை வறண்ட மாதங்கள். சொந்த வயலுக்குத் திரும்ப முடியாமல் உறவினர் காணியிலும் பிறர் காணியிலும் குடியிருக்கும் குடும்பங்களுக்கு அவை இன்னும் நீண்டவை. மழையோடு கூலிவேலையும் நின்றுவிடும். அந்த நேரத்தில்தான் இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், பாவற்குளம், அக்கராயன்குளம் எல்லாம் நிரம்புகின்றன. குளத்தடியில் இருப்பவருக்குக் கறிச்சட்டிக்கு மீன் உண்டு. ஆனால் கோடையில் பிடித்த விதமாக மாரியில் பிடிக்கப் போனால் வெறும் கூடையோடுதான் திரும்ப வேண்டும்.

காரணம் எளிது. ஆவணியில் வற்றிய குளத்தில் மீன் முழுவதும் நடுப்பள்ளத்தில் குவிந்து நிற்கும். மாரியில் அதே மீன் பல மடங்கு பரந்த நீரில் சிதறிவிடுகிறது. 1902இல் வேலை தொடங்கி 1921இல் முடிந்த இரணைமடுக் குளம், கட்டு உயர்த்தப்பட்ட பின் 36 அடி நீர் கொள்கிறது. அந்த நீர்ப்பரப்பின் நடுவே வலையை விட்டுக் காத்திருப்பதில் பயன் குறைவு. புதுநீர் ஏறிய புல்தரைதான் இப்போது மீனின் மேய்ச்சல் நிலம். இடுப்பளவுக்கு உட்பட்ட ஆழம், மூழ்கிய பற்றை, வாய்க்கால் வந்து சேரும் முகம் ஆகிய இடங்களைப் பாருங்கள். செங்கலங்கல் நீரும் தெளிந்த நீரும் சந்திக்கும் ஓரத்தில் தூண்டில் போடுவது நல்லது.

மார்கழி, தை மாதங்களில் விடியப்புறம் நீர் குளிர்ந்திருக்கும். யப்பான் மீன், அதாவது திலாப்பியா, வெப்ப நீருக்குப் பழகிய இனம். குளிரில் இரை எடுக்கச் சோம்பும். எனவே இருட்டோடு எழும்பிப் போய் நடுங்கிக்கொண்டு நிற்கத் தேவையில்லை. வெயில் ஏறிய பிறகு, இரண்டு நாள் மழை விட்டு வெளித்த பகலில், மண்புழுவோ பிசைந்த கோதுமை மாவோ போட்டால் போதும். விராலுக்குச் சிறு தவளை. கெளுத்தியும் சுங்கானும் இருட்டில்தான் இரை தேடும்.

யப்பான் மீன் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது 1952இல். 1990இல் அரசு நன்னீர் மீன்வளர்ப்புக்கான உதவியை நிறுத்தியது; 1994இல்தான் மீண்டும் தொடங்கியது. யார் உதவினாலும் கைவிட்டாலும் இந்த மீன் தானாகப் பெருகியது. தாய்மீன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காப்பதே அதன் இரகசியம். கரையோரத்தில் வட்டமான குழிகள் தெரிந்தால் அவை அதன் கூடுகள். அங்கே வலையை இழுக்காதீர்கள். விராலும் அப்படித்தான். சிவந்த குஞ்சுக் கூட்டம் நீர்மட்டத்தில் கொதிப்பதுபோல் தெரிந்தால் கீழே தாய் தந்தை காவல் நிற்கின்றன. அவற்றைத் தூக்கினால் குஞ்சு முழுவதும் பிற மீனுக்கு இரை.

கட்லா, ரோகு போன்ற வளர்ப்பு மீன்கள் வேறு வகை. அவை குளத்து நீரில் இனம்பெருக்குவதில்லை. சங்கங்கள் குஞ்சு வாங்கி விடுகின்றன. குளம் வான் பாயும்போது அவை ஓட்டத்தை நாடி வெளியேறிவிடும். வானுக்குக் கீழே அடிபட்டு வரும் மீனைக் கரப்பாலும் அத்தாங்காலும் பிடிப்பது வேறு. வானுக்கு மேலே சின்னக்கண் தங்கூசி வலை கட்டுவது வேறு. பின்னது ஒரு கிராமத்தின் அடுத்த ஆண்டுக் கறியை ஒரே இரவில் அள்ளுவது. நன்னீர் மீன்பிடிச் சட்டத்தின்படி செவுள்வலையின் கண் 8.5 சென்ரிமீற்றருக்குக் குறையக் கூடாது. இழுத்துப் பிடித்தால் பெரிய ஆளின் உள்ளங்கை அகலம் இருக்க வேண்டும். புதிதாக வந்து குடியிருப்பவர்கள் வலை விடுமுன் அந்தக் குளத்து மீன்பிடிச் சங்கத்தாரைக் கண்டு பேசுவது நல்லது. சண்டைகள் பெரும்பாலும் இந்தப் பேச்சு நடக்காததால்தான் வருகின்றன.

இனி ஆபத்துகள். 2018 மார்கழி 21ஆம் திகதி இரவு கொட்டிய மழையில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. கிளிநொச்சியின் தாழ்நிலக் கிராமங்கள் வெள்ளத்தில் மூழ்கின. கதவு திறக்கும் அறிவித்தல் வந்தபின் வானடியில் ஒருவரும் நிற்கக் கூடாது, மீன் எவ்வளவு துள்ளினாலும். ரயர் ரியூப்பில் தனியே போகாதீர்கள். குளங்களில் முதலை உண்டு. நிரம்பிய குளத்தில் அது கரைப்பற்றைக்கே வரும். வெள்ளம் அரித்த கரையில் இரும்போ பிளாஸ்ரிக்கோ தலைகாட்டினால் தொடாமல் அடையாளம் வைத்துவிட்டுப் பொலிசாருக்கோ கிராம அலுவலருக்கோ சொல்லுங்கள். எலிக்காய்ச்சலையும் மறக்க வேண்டாம். 2024 மார்கழியில் யாழ்ப்பாணத்தில் அது உயிர்களைப் பறித்தது. காலில் புண்ணோடு சேற்றுநீரில் இறங்காதீர்கள். தொடர்ந்து இறங்குபவர்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் தடுப்பு மாத்திரை பற்றிக் கேளுங்கள். காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

1995 இடப்பெயர்வில் வன்னிக்கு வந்த யாழ்ப்பாணத்தார் பலர் கடல்மீனுக்குப் பழகிய நாக்கோடு குளத்துமீனை முகம் சுளித்துப் பார்த்தார்கள். கலிலேயக் கடல் என்று நாம் வாசிப்பது உண்மையில் ஒரு நன்னீர் ஏரி என்பதையும், அங்கே ‘புனித இராயப்பர் மீன்’ என்று விற்பது யப்பான் மீனின் உறவு என்பதையும் அவர்களுக்குச் சொல்லியிருக்கலாம்! சேற்று மணம் போக, செதிலும் வயிற்றினுள் கறுப்புத் தோலும் நீக்கி, உப்பும் பழப்புளியும் போட்டு உரசிக் கழுவி, மஞ்சள் தடவி வையுங்கள். மிஞ்சியதைக் கருவாடு போட மாரி வெயில் காணாது, புழுத்துவிடும். விராலும் சுங்கானும் மேற்காற்றையும் மூச்சாக எடுப்பவை. ஈரச் சாக்கில் சுற்றியோ, வாய் மூடிய பானையில் சிறிது நீரோடோ வைத்தால் மறுநாள் சந்தைவரை உயிரோடிருக்கும். உயிர்மீனுக்கு விலையும் கூட.