முத்திரை உடையாத சான்று

நுழையும்முன்

குற்றம் நிகழ்ந்த இடத்தில் கைரேகையும் காலடித் தடமும் தேடிய காலம் உண்டு. இன்று கைப்பேசியும் கணினியும் நீதிமன்றத்தில் சாட்சி சொல்கின்றன. அச்சாட்சியை எப்பொழுது நம்பலாம் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

செப்பேடு காட்டும் வழி

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில் மணவூருக்கு அடுத்த நிலையம் திருவாலங்காடு. அவ்வூரில் 1905ஆம் ஆண்டு முதலாம் இராசேந்திர சோழனின் செப்பேடுகள் கண்டெடுக்கப்பட்டன. பழையனூர் என்னும் ஊரைத் திருவாலங்காட்டுக் கோவிலுக்கு அளித்த செய்தியைக் கூறும் அவ்வேடுகள் 31 ஆகும். அவை அனைத்தும் ஒரு வளையத்தில் கோக்கப்பட்டு, வளையத்தின் இணைப்பில் சோழர்தம் அரச முத்திரை இடப்பட்டிருந்தது. வளையத்தை அறுக்காமல் ஓர் ஏட்டை உருவவும் இயலாது. புதிய ஏட்டைச் செருகவும் இயலாது. ஆவணம் கூறும் செய்தி எவ்வளவு முதன்மையானதோ, அச்செய்தி இடையில் மாற்றப்படவில்லை என்னும் உறுதியும் அவ்வளவு முதன்மையானது என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

செம்பில் செய்த திருத்தம் தடம் விட்டுச் செல்லும். மின்னணு ஆவணத்தின் இயல்போ வேறு. ஒளிப்படத்தில் ஒருவரை நீக்கலாம். குறுஞ்செய்தியில் ஒரு சொல்லை மாற்றலாம். பார்ப்பவர் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஆதலால், மின்கருவிகளில் உள்ள தரவுகளைச் சிதையாமல் கைப்பற்றி, ஆராய்ந்து, அவை மாறாதவை என்று மெய்ப்பித்து வழங்கும் துறை வளர்ந்தது. அதுவே மின்னணுத் தடயவியல்.

படியும் மூலமும்

பெரியபுராணத்தில் சுந்தரரை ஆட்கொள்ள வரும் முதியவர் முதலில் காட்டுவது படி ஓலை. சுந்தரர் அதனைக் கிழித்தெறிந்த பின்னரும் வழக்கு அழியவில்லை. மூல ஓலை திருவெண்ணெய்நல்லூர் அவையில் காட்டப்பட, அதிலுள்ள எழுத்து சுந்தரர்தம் பாட்டனாரின் பிற கையெழுத்துடன் ஒப்பு நோக்கப்படுகிறது. மூலத்தைக் காத்தல், படியைக் கையாளுதல், ஒப்பிட்டு உறுதி செய்தல் என்னும் இம்மூன்றுமே இன்றைய தடயவியலின் அடிப்படைகளாகும்.

கைப்பேசி ஒன்று கைப்பற்றப்பட்டால், தொலைவிலிருந்து எவரும் அதன் தரவை அழித்துவிடாதவாறு முதலில் அதன் இணையத் தொடர்பு துண்டிக்கப்படுகிறது. அலைகளைத் தடுக்கும் சிறப்புப் பையில் அது வைக்கப்படுவதும் உண்டு. கணினியின் வன்தட்டு, எதையும் புதிதாக எழுதவிடாமல் தடுக்கும் கருவியின் வழியாகவே இணைக்கப்படுகிறது. ஏனெனில், ஒரு கோப்பைத் திறந்து பார்ப்பதுகூட அதன் நாள், நேரக் குறிப்புகளை மாற்றிவிடக்கூடும். பின்னர் வன்தட்டு முழுமைக்கும் அச்சு மாறாத படி எடுக்கப்படுகிறது. ஆய்வு படியில் நடக்கும். மூலம் முத்திரையிட்டுப் பாதுகாக்கப்படும்.

மூலமும் படியும் ஒன்றே என்பதைக் காட்டுவது ஹாஷ் மதிப்பு. கோப்பு முழுவதையும் ஒரு கணித முறைக்கு உட்படுத்திப் பெறும் குறியீட்டுத் தொடர் அது. எஸ்.எச்.ஏ-256 என்னும் முறையில் கோப்பு எவ்வளவு பெரிதாயினும் 64 குறியீடுகள் கொண்ட ஒரு தொடரே கிடைக்கும். கோப்பில் ஒரு காற்புள்ளியை நீக்கினாலும் அத்தொடர் முற்றிலும் மாறிவிடும். கைப்பற்றிய நாளில் குறித்த மதிப்பும் நீதிமன்றத்தில் கணக்கிட்ட மதிப்பும் ஒத்திருந்தால், முத்திரை உடையவில்லை என்று பொருள். இவற்றுடன், சான்றுப்பொருள் யாரிடமிருந்து யாருக்கு, எந்நாளில், எதற்காகக் கைமாறியது என்பதும் இடைவெளியின்றிப் பதிவு செய்யப்படுகிறது.

எழும்பூர் வழக்கு

2004ஆம் ஆண்டு சென்னையைச் சேர்ந்த பெண்ணொருவரின் பெயரில் போலி மின்னஞ்சல் கணக்கு தொடங்கப்பட்டு, அவரை இழிவுபடுத்தும் செய்திகள் இணையக் குழுவொன்றில் பரப்பப்பட்டன. முன்பின் அறியாதோர் தொலைபேசியில் அவரை அழைத்துத் துன்புறுத்தினர். அவர் அஞ்சி ஒடுங்கவில்லை. காவல் துறையிடம் முறையிட்டார். செய்திகள் மும்பையிலுள்ள இணைய மையங்களிலிருந்து அனுப்பப்பட்டமை கண்டறியப்பட்டது. அப்பெண்ணே அவற்றை அனுப்பியிருக்கலாம் என்றுகூட எதிர்த்தரப்பு வாதிட்டது. வல்லுநர் சான்றும் இணைய மைய உரிமையாளர்களின் சாட்சியமும் அவ்வாதத்தை முறியடித்தன. 2004 நவம்பர் 5ஆம் நாள் எழும்பூர் நீதிமன்றம் குற்றவாளிக்குத் தண்டனை வழங்கியது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 67ஆம் பிரிவின்கீழ் இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் தண்டனையாக இது கருதப்படுகிறது. முறையாகத் திரட்டிய சான்றே அப்பெண்ணின் மானத்தை மீட்டது.

சான்றிதழின் தேவை

சான்று முறையாக அமையாவிடில் நேர்வது என்ன? கேரளச் சட்டமன்றத் தேர்தல் தொடர்பான ஒரு வழக்கில் பாடல்களும் பேச்சுகளும் அடங்கிய குறுந்தகடுகள் சான்றாக அளிக்கப்பட்டன. அவற்றுடன் இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 65-பி பிரிவு கோரும் சான்றிதழ் இல்லை. எனவே, 2014ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அவற்றை ஏற்க மறுத்தது. மூலக் கருவியையே அதன் உரிமையாளர் நேரில் அளித்தால் சான்றிதழ் தேவையில்லை. படியை அளித்தால் கட்டாயம் தேவை என்று 2020ஆம் ஆண்டுத் தீர்ப்பு தெளிவுபடுத்தியது. 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியம் 63ஆம் பிரிவில் இம்முறையைத் தொடர்கிறது. ஹாஷ் மதிப்பைக் குறிப்பிடுவதும் வல்லுநரின் கையொப்பமும் இப்பொழுது சான்றிதழின் பகுதிகளாகிவிட்டன.

புலனாய்வின் இடர்கள்

மணவூரில் ஒருவர் பணத்தை இழக்கிறார் எனக் கொள்வோம். ஏமாற்றியவர் வேறு மாநிலத்தில் இருக்கலாம். பணம் சென்ற வங்கிக் கணக்கு இன்னொரு மாநிலத்திலும், செய்தியைத் தாங்கிய வழங்கி அயல்நாட்டிலும் இருக்கலாம். ஒவ்வோர் எல்லையிலும் காலம் கரைகிறது, பதிவுகள் அழியக்கூடும்.

நேரக் கணக்கும் ஓர் இடரே. பல வழங்கிகள் உலகப் பொது நேரத்தையே பதிகின்றன. இந்திய நேரம் அதனினும் 5 மணி 30 நிமிடம் முந்தியது. அப்பதிவில் காலை 10 மணி என்பது இங்குப் பிற்பகல் 3.30 மணி ஆகும். ஓர் இணைய முகவரி ஒரே நாளில் பலருக்கு மாறி மாறி வழங்கப்படுவதுண்டு. நேரத்தைப் பிழையாகக் கணக்கிட்டால், குற்றத்தோடு தொடர்பே இல்லாதவரின் வீட்டுக் கதவைக் காவல் துறை தட்ட நேரிடும்.

தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. ஒருவரின் கைப்பேசியில் குடும்பப் படங்களும் மருத்துவக் குறிப்புகளும் நட்பு உரையாடல்களும் நிறைந்திருக்கும். வழக்கிற்கு உரியவற்றை மட்டும் ஆராய்ந்து, பிறவற்றைக் காப்பது புலனாய்வாளரின் கடமையாகும்.

தெரிந்து தெளிவோம்

நஞ்சு முதலியவற்றை ஆராய 1849ஆம் ஆண்டு சென்னையில் வேதியியல் ஆய்வாளரின் ஆய்வகம் தொடங்கப்பட்டது. இன்றைய தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் தொடக்கம் அதுவே.

நம் கடமை

சான்றைக் காக்கும் பொறுப்பு பாதிக்கப்பட்டவரிடமிருந்தே தொடங்குகிறது. அச்சத்தாலோ நாணத்தாலோ செய்திகளை அழித்துவிடுவோர் பலர். அழிப்பதால் குற்றவாளியே பயனடைகிறான். திரையைப் படம்பிடித்து வைப்பது நன்று. எனினும் அது படி மட்டுமே. மூலச் செய்தியையும் அது வந்த கருவியையும் அவ்வாறே வைத்திருத்தல் வேண்டும். பணம் இழந்தால் உடனே 1930 என்னும் உதவி எண்ணை அழைக்க வேண்டும். விரைந்து அழைத்தால் பணம் கைமாறுமுன் முடக்க வாய்ப்புண்டு. குற்றம் எவ்வெல்லையில் நிகழ்ந்திருப்பினும் அருகிலுள்ள காவல் நிலையத்தில் முறையிடச் சட்டம் இடமளிக்கிறது.

குற்றவாளி தப்புவதும் குற்றமற்றவர் தண்டனை பெறுவதும் நீதிக்கு ஒரே அளவான இழுக்கு. இவ்விரண்டையும் தடுப்பதற்கே ஒவ்வொரு படியும் ஒப்பிடப்படுகிறது. ஒவ்வொரு கைமாற்றமும் பதியப்படுகிறது.