குட்டைக் குதிரையைக் கண்காட்சிக்குப் பழக்குவது எப்படி? சாட்டையால் வராது அந்த நடை!

சி ரூசா: மூன்றடி உயரம்கூட இல்லாத ஒரு குதிரை. யாரும் கயிற்றை இழுக்காமலே பழக்குபவரின் பக்கத்தில் ஓடி வருகிறது. நிற்கச் சொன்ன இடத்தில் நான்கு கால்களையும் சமமாக ஊன்றிச் சிலைபோல் நிற்கிறது. சமூக ஊடகங்களில் இப்படிப்பட்ட காணொளிகளைப் பார்த்துவிட்டு, 'ஆட்டுக் கொட்டகைப் பக்கத்தில் இதையும் ஒன்று கட்டலாமே' என்று நினைப்பவர்கள் நம்மில் உண்டு. சி ரூசா, தெலுக் கெமாங் என போர்ட்டிக்சன் கடற்கரையோரம் சுற்றுப்பயணிகளை நம்பித் தொழில் செய்பவர்களுக்கு அது ஒரு வருமானமாகவும் தோன்றலாம். ஆனால், வாங்குவதற்கு முன் அந்தக் குதிரை எப்படிப் பழக்கப்படுகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

எது குட்டைக் குதிரை?

இது குதிரைக் குட்டி அல்ல. முழுதாக வளர்ந்த பின்னும் இவ்வளவுதான். 1978இல் தொடங்கப்பட்ட அமெரிக்கக் குட்டைக் குதிரைச் சங்கத்தின் விதிப்படி, பிடரி மயிர் முடியும் இடத்தில் அளந்தால் உயரம் 34 அங்குலத்தைத் (சுமார் 86 செ.மீ.) தாண்டக் கூடாது. அர்ஜெண்டினாவின் ஃபலபெல்லா இனம் இவற்றுள் பெயர் பெற்றது. தமிழ்நாட்டில் ஜட்கா வண்டி இழுத்த மட்டக்குதிரை இதைவிட உயரமானது.

கண்காட்சி வளையத்தில் இவற்றின் மேல் யாரும் ஏறி வருவது வழக்கமில்லை. பழக்குபவர் கூடவே நடப்பார் அல்லது ஓடுவார். அழகாக நிற்பது, துள்ளு நடையில் ஓடுவது, தடைகளைக் கடப்பது, தாண்டுவது, சிறு வண்டி இழுப்பது எனப் பல பிரிவுகளில் போட்டி நடக்கும்.

பயிற்சியின் சூட்சுமம்

குதிரை, ஆபத்து வந்தால் ஓடித் தப்பும் பிராணி. உருவம் சிறுத்தாலும் அந்தக் குணம் மாறாது. எனவே முதல் பாடம், 'இந்த மனிதரால் ஆபத்தில்லை' என்று அது நம்புவதுதான். நேர் பின்னால் நிற்பவரை அதற்குத் தெரியாது. நெற்றிக்கு நேர் முன்னும் பார்வை எட்டாது. அதனால் எப்போதும் தோள்பட்டைப் பக்கமாகவே நெருங்க வேண்டும். கழுத்து, முதுகு, கால், குளம்பு என்று தினமும் தொட்டுப் பழக்க வேண்டும்.

அடுத்தது தலைக்கயிறு. கயிற்றை மெதுவாக இழுத்துப் பிடிக்க வேண்டும். குதிரை ஓர் அடி முன்னால் வைத்ததும், அந்த நொடியே தளர்த்திவிட வேண்டும். தளர்த்துவதுதான் அதற்குப் பரிசு. இரண்டு நொடி தாமதித்தால், எதற்காகத் தளர்த்தினோம் என்பது அதற்கு விளங்காது. அது பின்னுக்கு இழுக்கும்போது நாம் தளர்த்திவிட்டாலோ, 'இழுத்தால் விட்டுவிடுவார்கள்' என்று கற்றுக்கொள்ளும். பிடிவாதக் குதிரை என்று நாம் திட்டுவதில் பாதி, இப்படி நாமே சொல்லிக்கொடுத்ததுதான்.

நிற்கப் பழக்குவதும் இதே முறைதான். ஒவ்வொரு காலாகச் சரியான இடத்தில் வைக்கச் செய்து, முதலில் இரண்டு நொடி, பிறகு ஐந்து, பிறகு அரை நிமிடம் என்று கூட்ட வேண்டும். அதன்பின் மரப்பலகைப் பாலம், தரையில் விரித்த தார்ப்பாய், விரித்த குடை, தாரை தப்பட்டைச் சத்தம் என ஒவ்வொன்றாக அறிமுகப்படுத்த வேண்டும். வண்டி கடைசியில்தான். எலும்பு முதிர மூன்று வயதாவது ஆக வேண்டும். முதலில் நீண்ட கடிவாள வாரைப் பிடித்துப் பின்னால் நடந்து ஓட்டி, பிறகு ஒரு பழைய டயரை இழுக்கவிட்டு, சத்தத்துக்குப் பயம் தெளிந்த பிறகே வண்டி பூட்ட வேண்டும்.

ஒரு வேளைக்குப் பதினைந்து இருபது நிமிடம் போதும். சரியாகச் செய்த இடத்திலேயே பாடத்தை முடிப்பது முக்கியம்.

அடித்தால் என்ன?

அடித்தும் பழக்கலாம், குதிரை சொன்னதைச் செய்யும். ஆனால் காது பின்னுக்கு மடியும், தலை தூக்கியே இருக்கும், வால் இறுகும். நடுவர்கள் தேடுவதோ முன்னே நிமிர்ந்த காதும் தளர்ந்த உடலும்தான். பயத்தை வளையத்தில் மறைக்க முடியாது.

இது வெளிநாட்டுச் சங்கதி மட்டுமல்ல. ஈரோடு மாவட்டம் அந்தியூரில், குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவையொட்டிக் கூடும் குதிரைச் சந்தை புகழ்பெற்றது. மார்வாரி, கத்தியவாரி இனப் பெரிய குதிரைகளோடு, மேளத்துக்குக் காலெடுத்து ஆடும் நாட்டியக் குதிரைகளும் அங்கு வரும். ஆடி மாதம் ஊருக்குப் போகிறவர்கள் ஒருமுறை பார்த்து வரலாம். அங்கும் ஆட்டத்தை மட்டும் பார்க்காமல் காதையும் கண்ணையும் கவனியுங்கள். எந்தக் குதிரை விரும்பி ஆடுகிறது, எது பயந்து ஆடுகிறது என்பது தெரிந்துவிடும்.

நம் வெயிலும் தீவனமும்

நம் நாட்டில் பயிற்சியைக் காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த நாடுகளில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுபோகும். உழைத்த பிறகும் தோல் காய்ந்திருந்து, மூச்சு மட்டும் வாங்கினால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய், தண்ணீர் ஊற்றிக் குளிர்வித்து, மருத்துவரை அழைக்க வேண்டும்.

இவற்றுக்குப் பட்டினியைவிட அதிகத் தீனியே பெரிய எதிரி. நூறு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ காய்ந்த புல் போதும். பாசத்தில் ரொட்டி, சோறு, இனிப்பு என்று கொடுத்தால் உடல் பெருத்து, குளம்புக்குள் அழற்சி வந்து நிற்கவே முடியாமல் போகலாம். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவ வேண்டும். இவை 25, 30 ஆண்டுகள் வாழக்கூடியவை என்பதால், இன்று பிள்ளைக்காக வாங்குவதை அந்தப் பிள்ளைக்குப் பிள்ளை பிறந்த பிறகும் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

கனமான பிள்ளைகளையும் பெரியவர்களையும் ஏற்றிப் பணம் பார்க்க நினைப்பது தவறு. மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி, வதைக்குற்றம் நிரூபிக்கப்பட்டால் 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது மூன்றாண்டு வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

வாங்கியே தீருவது என்று முடிவெடுத்தவர்கள் ஒரு சிறு சோதனை செய்யலாம். விற்பவரின் இடத்துக்கே போய், குதிரையின் தோள் பக்கமாக நின்று கையை மெல்ல உயர்த்துங்கள். அது தலையைத் திருப்பி முகர வந்தால் நல்ல கையில் வளர்ந்தது. வெடுக்கென்று தலையை இழுத்துக்கொண்டால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் யோசியுங்கள். அந்தப் பயத்தைப் போக்குவதற்குப் பணத்தைவிடப் பொறுமைதான் அதிகம் செலவாகும்.