பதிலாளுக்கு ஒரு பதிலாள்

காஞ்சிமாநகரை அடுத்துள்ள கூரம் இரு காரணங்களாற் பெயர்பெற்றது. ஒன்று, முதலாம் பரமேசுவர பல்லவனின் செப்பேடு. மற்றொன்று, கூரத்தாழ்வான் பிறந்த ஊராதல். இராமாநுசரை அழைத்துவரச் சோழன் ஏவலரை விடுத்தபோது, ஆசிரியரின் காவியுடையைத் தாம் உடுத்து, அவருக்குப் பதிலாக அரசவை சென்று கண்ணிழந்தார் இவர் என வைணவ குருபரம்பரை கூறும்.

இக்காலக் கல்லூரிகளிலும் ஒரு பதிலாள் உண்டு. அதுவே பிராக்ஸி என்னும் கணினி. மாணவன் இண்டர்நெட்டில் ஒரு பக்கத்தை வேண்டின், அது தன் முகவரியாற் கேட்டு வாங்கி அவனுக்கு அளிக்கும். 1996-இல் தோன்றிய ஸ்குவிட் என்னும் மென்பொருள் இத்தொழிலுக்குப் பெயர்போனது. முன்னர், ஒருவர் கேட்ட பக்கத்தைச் சேமித்துவைத்து மற்றவர்க்கும் வழங்குதல் இதன் பெரும்பயனாயிருந்தது. இன்றோ பெரும்பாலான பக்கங்கள் மறைகுறியிட்டு வருதலின் அப்பயன் குன்றிற்று. வாயில்காத்தலே தலையாய பணியாயிற்று.

எல்லோரும் ஒரே வாயிலாற் செல்லின், அவ்வாயில் அடைபடும்போது யாது நிகழும்? தேர்வுக்கு விண்ணப்பிக்கும் இறுதிநாளில் அது நின்றுவிட்டால், ஏழை மாணவன் ஒருவனின் ஓராண்டே வீணாகலாம். ஆகவே பதிலாளுக்கும் ஒரு பதிலாள் வேண்டும்.

அதன் முறை இது. இரு கணினிகளுக்கும் பொதுவாக ஒரு முகவரி அமைக்கப்படும். மாணவர் அறிவது அதனை மட்டுமே. முதற்கணினி, "யான் உளேன்" என நொடிக்கொருமுறை அறிவிக்கும். ஏறக்குறைய மூன்று அறிவிப்புகள் வாராதொழியின், இரண்டாவது அம்முகவரியை ஏற்று முன்வந்து நிற்கும். ஆழ்வான் ஆசிரியரின் உடையை ஏற்றதை இஃது ஒக்கும். 1998-இல் வெளியான வி.ஆர்.ஆர்.பி. என்னும் நெறி இதனை வகுத்தது. மாறும் கணத்தில் நடந்துகொண்டிருந்த தொடர்புகள் அறுபடும். மாணவர் மீண்டும் முயலவேண்டும்.

ஈண்டு மூன்று எச்சரிக்கைகள் உள. இரண்டு கணினிகளும் தத்தம் ஆற்றலில் நூற்றுக்கு 60 பங்கு உழைப்பின், ஒன்று வீழ்ந்தபோது மற்றது 120 பங்கு சுமக்கவேண்டும், அது இயலாது. ஆதலின் ஒன்றே முழுச்சுமையையும் தாங்க வல்லதாதல் வேண்டும். இரண்டும் ஒரே மின்கம்பியையும் ஒரே இணைப்பையும் பற்றிநின்றால், இரண்டாயிருந்தும் ஒன்றே. கணினி உயிரோடிருக்க, அதனுள் ஸ்குவிட் மட்டும் மாய்தலும் உண்டு. எனவே உண்மையில் ஒரு பக்கத்தைக் கேட்டுப்பார்த்தே நலம் அறிதல் வேண்டும்.

இனி, செப்பேட்டை நோக்குவோம். பரமேசுவரமங்கலத்தை 25 பங்காக்கிய மன்னன், அவற்றுள் 3 பங்கினை வழிபாட்டிற்கும் கோயிலைப் பழுதுபார்த்தற்கும் முதற்கண்ணே ஒதுக்கினான். கட்டும்போதே பழுதையும் எண்ணிய அறிவு அது. நாமும் கருவி வாங்கும் பணத்திலேயே பராமரிப்பிற்கு ஒரு பங்கு ஒதுக்கி, பருவந்தோறும் விடுமுறை நாளொன்றில் முதற்கணினியை வேண்டுமென்றே நிறுத்தி, இரண்டாவது எழுகின்றதா எனச் சோதித்தல் வேண்டும். சோதியாத பதிலாளை நம்புதல் நீர் நிறைந்ததா என்று பாராத குடத்தோடு நெடுவழி செல்வதை ஒக்கும்.