வெள்ளை அறிக்கையில் எதைத் தேடுவது?

கிரிப்டோ நாணயம் வாங்கச் சொல்பவர், “வெள்ளை அறிக்கையே போட்டிருக்காங்க, படிச்சுப் பாருங்க” என்பார். நாணயத் திட்டத்தை விளக்கும் அந்த அறிக்கையை எழுதுவது, திட்டத்தை நடத்துபவர்களேதான். ரிசர்வ் வங்கியோ செபியோ அதைச் சரிபார்த்து ஒப்புதல் தருவதில்லை. உறுப்பு நாடுகளின் எந்த அதிகார அமைப்பும் இதற்கு ஒப்புதல் தரவில்லை என்பதை முதல் பக்கத்திலேயே அச்சிடச் சொல்கிறது ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய சட்டம்.

முதலில் பிட்காயின் அறிக்கையைப் படித்துவிடுவது நல்லது. 2008 அக்டோபர் 31 அன்று சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் வெளியானது, ஒன்பதே பக்கம். விலை ஏறும், பணம் பெருகும் என்ற பேச்சே அதில் இல்லை. நடுவில் வங்கி இல்லாமல் பணம் அனுப்பும்போது, ஒரே நாணயத்தை இரண்டு பேரிடம் செலவழித்து ஏமாற்றுவதை எப்படித் தடுப்பது? இந்தச் சிக்கலைத்தான் அது எடுத்துக்கொள்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது முடிவுரைக்கு முந்தைய பகுதி. ஏமாற்ற நினைப்பவரிடம் வலையமைப்பின் மொத்தக் கணினித் திறனில் 10 விழுக்காடு இருந்தால், பணம் பெறுபவர் 5 பிளாக் (பரிவர்த்தனைகளின் தொகுப்பு) சேரும்வரை காத்திருந்தால் போதும். ஏமாறும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. 30 விழுக்காடு என்றால் 24 பிளாக். 45 என்றால் 340. பிளாக்குக்குப் பத்து நிமிடம் என்று வைத்தால், அதற்கு இரண்டு நாளுக்கு மேல் ஆகும். தன் திட்டம் எங்கே பலவீனப்படும் என்று எழுதியவரே கணக்குப் போட்டுக் காட்டுகிறார். எந்தப் புதிய அறிக்கையை எடுத்தாலும் நான் முதலில் தேடுவது இப்படியொரு பகுதியைத்தான். பலவற்றில் அது இருக்காது.

அடுத்து நாணயப் பங்கீடு. மொத்தம் 100 கோடி நாணயம். அதில் 40 கோடி நிறுவனர்களுக்கும் ஆரம்ப முதலீட்டாளர்களுக்கும். அவர்கள் ஓராண்டு விற்கக் கூடாது என்று வைத்துக்கொள்வோம். இன்று சந்தையில் புழங்குவது 10 கோடி மட்டும் என்றால், நீங்கள் பார்க்கும் விலை அந்தப் 10 கோடியை வைத்து உருவான விலை. தடை நீங்கியதும் அதைப்போல் நான்கு மடங்கு விற்பனைக்கு வரலாம். இந்த விவரம் ஏதாவதொரு வட்டப்படத்திலோ அடிக்குறிப்பிலோ ஒதுங்கிக் கிடக்கும். விடாமல் தேடிப் படியுங்கள்.

பிரபலங்களின் பாராட்டுக்கு மதிப்பே தர வேண்டாம். 2018 மே மாதம் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையமே ‘ஹோவிகாயின்ஸ்’ என்ற போலி நாணயத்துக்கு இணையதளம் திறந்து, வெள்ளை அறிக்கையும் வெளியிட்டது. சொகுசுச் சுற்றுலா, நிச்சய லாபம், பிரபலங்களின் பரிந்துரை எல்லாம் அந்தத் தளத்தில் இருந்தன. வாங்குவதற்கான பொத்தானை அழுத்தியவர்கள் போய்ச் சேர்ந்தது ஆணையத்தின் முதலீட்டாளர் எச்சரிக்கைப் பக்கத்துக்கு.