ஜான் ஆல்ட்ரிட்ஜும் அயர்லாந்தின் கோல் கணக்கும்

கால்பந்தில் முன்னணி ஆட்டக்காரர் ஒருவரை எதைக் கொண்டு மதிப்பிடுவது? "எத்தனை கோல் அடித்தார்?" என்பதுதான் முதலில் நம் வாயில் வரும் கேள்வி. அது நியாயமான கேள்வியே. ஆயினும் அந்த ஒரே எண்ணை நம்பிவிடலாமா என்ற ஐயத்தை எனக்குள் எழுப்பிய ஒரு வீரரைப் பற்றி இக்கட்டுரையில் எழுத விழைகிறேன். அவர் பெயர் ஜான் ஆல்ட்ரிட்ஜ். பெலே, மாரடோனா, மெஸ்ஸி ஆகியோரை அறிந்த நம் நண்பர்களுள் பலர் இவர் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

இவர் 1958-ஆம் ஆண்டு செப்டம்பர் 18-ஆம் நாள் பிறந்தார். பிறந்தது அயர்லாந்தில் அன்று. இங்கிலாந்தின் துறைமுக நகரமான லிவர்பூலில். அந்நகரில் லிவர்பூல் கால்பந்துக் கழகம் என்றால் கோயில் மாதிரி. ஆல்ட்ரிட்ஜும் சிறுவயது முதலே அக்கழகத்தின் பக்தர். ஆனால் அதன் வாசல் அவருக்கு எளிதில் திறக்கவில்லை. சவுத் லிவர்பூல் என்னும் சிறிய கழகத்தில் ஆடிக்கொண்டிருந்தவரை, 1979-இல் வேல்ஸ் பகுதியிலுள்ள நியூபோர்ட் கவுண்டி வெறும் 3,500 பவுண்டு கொடுத்து எடுத்துக்கொண்டது. அப்போது அவருக்கு வயது இருபது. பெரிய வீரர்கள் பதினேழு, பதினெட்டு வயதிலேயே புகழ் அடைந்துவிடும் ஆட்டத்தில் இது தாமதமான தொடக்கம்தான். அங்கும் அவர் இருந்தது நான்காம் டிவிஷனில்.

நியூபோர்ட்டில் ஐந்தாண்டுகள் கழிந்தன. 1984-இல் ஆக்ஸ்போர்டு யுனைடெட் கழகத்துக்குச் சென்றார். அவர் சென்ற பருவத்தில் அக்கழகம் மூன்றாம் டிவிஷனில் இருந்தது. அவ்வாண்டே இரண்டாம் டிவிஷனுக்கும், மறு ஆண்டு முதல் டிவிஷனுக்கும் உயர்ந்தது. 1984-85 பருவத்தில் அவர் லீக் ஆட்டங்களில் மட்டும் அடித்த கோல்கள் 30. 1986-இல் ஆக்ஸ்போர்டு லீக் கோப்பையையும் வென்றது. இவையெல்லாம் நடந்தபின், 1987 ஜனவரியில்தான் லிவர்பூல் கழகம் தன் சொந்த ஊர்ப்பிள்ளையை 7,50,000 பவுண்டு கொடுத்து அழைத்துக்கொண்டது. 3,500 எங்கே, 7,50,000 எங்கே! இருநூறு மடங்குக்கும் மேல். அந்த எட்டாண்டு உயர்வில் அதிர்ஷ்டத்தின் பங்கு மிகக் குறைவு என்றே நான் நினைக்கிறேன். வயது அப்போது இருபத்தெட்டு.

லிவர்பூலின் பழைய கோல் மன்னர் இயன் ரஷ் 1987-இல் இத்தாலிக்குப் போனபோது அந்த இடத்தை நிரப்பும் பொறுப்பு ஆல்ட்ரிட்ஜ் தலையில் விழுந்தது. 1987-88 பருவத்தின் முதல் ஒன்பது லீக் ஆட்டங்களிலும் அவர் கோல் அடித்தார். பருவ முடிவில் 26 கோல்கள், லிவர்பூல் சாம்பியன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். முன்னோர் வழியில் அயர்லாந்துத் தொடர்பு இருந்ததால் அந்நாட்டுக்காக ஆடும் தகுதி ஆல்ட்ரிட்ஜுக்கு இருந்தது. 1986 மார்ச்சில் டப்ளினில் வேல்ஸ் அணிக்கு எதிராக அவர் முதன்முதலில் பச்சைச் சட்டை அணிந்தார். அணியின் புதிய மேலாளர் ஜாக் சார்ல்டனுக்கும் அதுவே முதல் ஆட்டம். சார்ல்டன், 1966-இல் இங்கிலாந்து உலகக் கோப்பையை வென்றபோது அந்த அணியில் ஆடிய ஆங்கிலேயர் என்பது இதிலுள்ள வேடிக்கை.

அந்த நாள் முதல் 1988 அக்டோபர் வரை, ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள், ஆல்ட்ரிட்ஜ் அயர்லாந்துக்காக ஒரு கோல்கூட அடிக்கவில்லை! கழகத்துக்கு ஆடும்போது வாரந்தோறும் கோல். நாட்டுக்கு ஆடும்போது பூஜ்யம். இதற்கிடையே 1987 நவம்பரில் டேவிட் கெல்லி என்னும் இளைஞர் தம் முதல் ஆட்டத்திலேயே இஸ்ரேலுக்கு எதிராக மூன்று கோல் அடித்துவிட்டார். அப்படியிருந்தும் சார்ல்டன் ஆல்ட்ரிட்ஜைக் கைவிடவில்லை. ஏன்?

விடை சார்ல்டனின் ஆட்ட முறையில் இருக்கிறது. லிவர்பூலில் பார்ன்ஸ், பியர்ட்ஸ்லி போன்றோர் பந்தைக் கோலின் அருகே கொண்டுவந்து ஆல்ட்ரிட்ஜின் காலடியில் வைத்தார்கள். அவர் வேலை முடித்து வைப்பது. அயர்லாந்தில் நேர்மாறு. நடுக்களத்தில் அழகாகப் பந்தைக் கடத்திக்கொண்டிருக்கச் சார்ல்டன் விடமாட்டார். எதிரணித் தடுப்பாட்டக்காரர்களின் முதுகுக்குப் பின்னால், களத்தின் மூலைகளை நோக்கி நீளமாகப் பந்தை உதைக்க வேண்டும். முன்னணி வீரர்கள் அதைத் துரத்தி ஓட வேண்டும். பந்து எதிரிக்குக் கிடைத்தாலும் அவரை மூச்சுவிட விடாமல் நெருக்க வேண்டும். எதிரி பதறித் தவறு செய்வார். அந்தத் தவறிலிருந்து பின்னால் வருபவர் கோல் அடிப்பார். மூலைக்கு ஓடிய மனிதர் அந்நேரத்தில் கோல் வாயிலில் எப்படி இருக்க முடியும்? ஒரே ஆள் இரண்டு இடத்தில் இருக்க இயற்பியல் இடந்தராது.

இதற்கு நல்ல சான்று 1988 ஐரோப்பியக் கோப்பை. அயர்லாந்து கலந்துகொண்ட முதல் பெரிய போட்டி அது. ஜூன் 12, ஸ்டுட்கார்ட் நகரில் இங்கிலாந்துடன் முதல் ஆட்டம். ஆறாம் நிமிடம். கோல் முன்னே உயர எழும்பிய பந்தை ஆல்ட்ரிட்ஜ் தலையால் தட்டிவிட, ரே ஹாட்டன் அதைத் தலையாலேயே வலைக்குள் செலுத்தினார். மிச்சமிருந்த நேரமெல்லாம் இங்கிலாந்து முட்டி மோதியும் பயனில்லை, 1-0. கோல் அடித்தவர் பட்டியலில் ஹாட்டன் பெயர் மட்டுமே இருக்கும்.

அதற்கு ஏறத்தாழ நான்கு வாரங்களுக்கு முன்பு, மே 14 அன்று, ஆல்ட்ரிட்ஜ் பெரும் அவமானத்தைச் சந்தித்திருந்தார். வெம்ப்ளியில் எப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம். எதிரே விம்பிள்டன் என்னும் எளிய அணி. 0-1 எனப் பின்தங்கியிருந்த லிவர்பூலுக்குப் பெனால்டி கிடைத்தது. ஓடிவந்து, உதைக்குமுன் சற்றே தயங்கி, கோல் கீப்பர் சாயும் திசையைப் பார்த்துவிட்டு அடிப்பது ஆல்ட்ரிட்ஜின் வழக்கம். விம்பிள்டன் கோல் கீப்பர் டேவ் பீசன்ட் இதை முன்பே கவனித்து வைத்திருந்தார். அசையாமல் காத்திருந்து, பிறகு தம் இடப்பக்கம் பாய்ந்து தடுத்துவிட்டார். வெம்ப்ளியில் நடந்த எப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டங்களில் கோல் கீப்பர் ஒருவர் பெனால்டியைத் தடுத்தது அதுவே முதல் முறை. சிறிது நேரத்தில் ஆல்ட்ரிட்ஜ் களத்திலிருந்து மாற்றப்பட்டார். லிவர்பூல் தோற்றது.

மறு ஆண்டு வந்த துயரத்தின் முன் இது ஒன்றுமே இல்லை. 1989 ஏப்ரல் 15, ஹில்ஸ்பரோ மைதானத்தில் கூட்ட நெரிசலில் லிவர்பூல் ரசிகர்கள் நசுங்கினர். அந்த விபத்தில் உயிரிழந்தோர் எண்ணிக்கை 97. ஆல்ட்ரிட்ஜும் ஒரு காலத்தில் அதே போன்ற படிக்கட்டுகளில் நின்று ஆட்டம் பார்த்தவர்தானே! அவ்வாண்டு எப்.ஏ. கோப்பை இறுதியில் எவர்டன் அணிக்கு எதிராக, நான்காவது நிமிடத்தில், முதன்முறை பந்தைத் தொட்டபோதே கோல் அடித்தார். லிவர்பூல் 3-2 என வென்றது.

1989 செப்டம்பரில் அவர் ஸ்பெயினிலுள்ள ரியல் சோசியடாட் கழகத்துக்குப் போனார். பாஸ்க் இனத்தவரையே நெடுங்காலமாகச் சேர்த்துக்கொண்டு வந்த கழகம் அது. அந்தக் கொள்கையைத் தளர்த்தி அவர்கள் கொண்டுவந்த முதல் வெளிநாட்டவர் ஆல்ட்ரிட்ஜ். எதிர்ப்பு இல்லாமலா இருக்கும்? இருந்தது. அவர் கோல் அடித்தே அதைக் கடந்தார்.

அதே ஆண்டு நவம்பரில் மால்டாவில் அவர் அடித்த இரண்டு கோல்கள் அயர்லாந்தை முதன்முதலாக உலகக் கோப்பைக்கு அழைத்துச் சென்றன. 1990-இல் இத்தாலியில் அந்த அணி ஐந்து ஆட்டங்களில் இரண்டே கோல் அடித்துக் காலிறுதி வரை போயிற்று. ஆல்ட்ரிட்ஜுக்கு அங்கே கோல் இல்லை.

நான் எல்லாவற்றிலும் சிறப்பாகக் கருதுவது 1994 உலகக் கோப்பை. ஜூன் 24, அமெரிக்காவின் ஆர்லாண்டோ நகர், கொளுத்தும் நண்பகல் வெயில். மெக்சிகோ 2-0 என முன்னணியில். ஒரு வீரரை வெளியே அழைத்துவிட்டு ஆல்ட்ரிட்ஜை இறக்க முயன்றார் சார்ல்டன். ஆனால் ஓரத்தில் நின்ற அதிகாரிகள் அனுமதிக்காமல் தாமதித்தனர். அயர்லாந்து பத்துப் பேருடன் ஆடவேண்டியதாயிற்று. ஆல்ட்ரிட்ஜ் கோபத்தில் உதிர்த்த சொற்களை உலகமே தொலைக்காட்சியில் கேட்டது. அவற்றைக் கல்லூரி மலரில் அச்சிட இயலாது. அபராதமும் விதித்தார்கள். ஆனால் உள்ளே போனவர், 84-ஆம் நிமிடத்தில் மக்கட்டீர் தூக்கிக் கொடுத்த பந்தைத் தலையால் முட்டிக் கோலாக்கினார். ஆட்டம் 2-1 எனத் தோல்வியே. ஆறுதல் கோல்தான் என்று யாரும் சொல்வார்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். அந்தப் பிரிவில் இத்தாலி, மெக்சிகோ, நார்வே, அயர்லாந்து ஆகிய நான்கு அணிகளும் முடிவில் தலா 4 புள்ளிகள் பெற்றன. நான்குக்கும் கோல் வித்தியாசம் பூஜ்யம்! மெக்சிகோ 3 அடித்து 3 வாங்கியது. அயர்லாந்தும் இத்தாலியும் 2 அடித்து 2 வாங்கின. நார்வே 1 அடித்து 1 வாங்கியது. முதல் ஆட்டத்தில் இத்தாலியை 1-0 என வென்றிருந்ததால் அயர்லாந்துக்கு இரண்டாமிடம். ஆல்ட்ரிட்ஜின் அந்தக் கோலைக் கழித்துப் பாருங்கள். அயர்லாந்து 1 அடித்து 2 வாங்கிய அணி; கோல் வித்தியாசம் ஒன்று குறைவு; நான்காம் இடம்; ஊருக்கு விமானம். அந்தக் கோல் இருந்ததால்தான் கடைசி ஆட்டத்தில் நார்வேயுடன் 0-0 என்று சமன் செய்ததே போதுமானதாயிற்று. சென்ற பருவத்தேர்வில் நாங்கள் போட்ட கணக்குகளைவிட இது சுவையானது என்பதைக் கணிதத்துறை ஆசிரியர்கள் மன்னிப்பார்களாக.

நாட்டுக்காக அவர் ஆடியவை 69 ஆட்டங்கள், கோல்கள் 19. அப்போதைய அயர்லாந்துச் சாதனை பிராங்க் ஸ்டேபிள்டனின் 20. ஒன்று குறைவு! பிற்காலத்தில் ராபி கீன் 68 கோல் அடித்து அந்தக் கணக்குகளையெல்லாம் எங்கோ பின்னால் விட்டுவிட்டார்.

1991 முதல் ஆல்ட்ரிட்ஜ், லிவர்பூலுக்கு ஆற்றின் மறுகரையிலுள்ள ட்ரான்மியர் ரோவர்ஸ் அணியில் ஆடினார். முப்பத்து மூன்று வயதை எட்டிய அந்த முதல் பருவத்தில் எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 40 கோல் அடித்தார். 1996-இல் ஆடிக்கொண்டே மேலாளராகி, 1998-இல் ஆட்டத்தை நிறுத்தினார். இங்கிலாந்து லீக்கில் மட்டும் அவர் கோல்கள் ஏறக்குறைய 330. இவற்றுள் ஐம்பது மட்டுமே லிவர்பூலுக்காக அடித்தவை. மற்றவற்றில் பெரும்பகுதி கீழ் டிவிஷன்களின் சிறிய மைதானங்களில் விழுந்தவை. 2000-ஆம் ஆண்டு அவருடைய ட்ரான்மியர் அணி லீக் கோப்பை இறுதி வரை வந்து, வெம்ப்ளியில் லெஸ்டரிடம் 2-1 எனத் தோற்றது. ட்ரான்மியரின் அந்த ஒரு கோலை அடித்தவர், முன்பு இஸ்ரேலுக்கு எதிராக முதல் ஆட்டத்திலேயே மூன்று அடித்த அதே டேவிட் கெல்லி.