பொத்தானை அழுத்தியவர் எங்கே போனார்?

கனடாவின் ஒட்டாவா நகரில் இயங்கும் ஷாப்பிஃபை, இணையக் கடை வைப்போருக்குக் கடையையே கட்டிக்கொடுக்கும் நிறுவனம். தள்ளுபடிக் கூப்பன், கையிருப்புக் கணக்கு, வாட்ஸ்அப் தகவல் என்று கடைக்காரர் கூடுதலாகக் கேட்பதையெல்லாம் வெளியார் எழுதும் செயலிகள் செய்துதருகின்றன. அவற்றுக்காக 2009இல் திறக்கப்பட்ட சந்தைதான் ஷாப்பிஃபை ஆப் ஸ்டோர். அங்கே ஒவ்வொரு செயலிக்கும் ஒரு பக்கம் உண்டு. படங்கள், விலை, பயனர் மதிப்பீடு, நிறுவுவதற்கு ஒரு பொத்தான், அவ்வளவுதான்.

பக்கம் செயலியைப் பற்றியது. ஆனால் செயலி எழுதியவருக்குச் சொந்தமானதல்ல. சொந்த இணையதளம் என்றால் வருவோரை எண்ணும் நிரலை நாமே செருகிவிடலாம். இங்கே திருவிழாத் திடலில் கடை போட்டவரின் நிலைமைதான்: கூட்டம் திடல்காரருடையது. ஆனாலும் ஷாப்பிஃபை ஒரு வசதி தருகிறது. நம் கணக்குப்பிள்ளையை நம் கடை வாசலில் உட்காரவைத்துக்கொள்ளலாம். பெரும்பாலோர் அமர்த்துவது கூகுள் அனலிட்டிக்ஸை.

கூகுள் அனலிட்டிக்ஸில் கணக்குத் தொடங்கி, இணையத்துக்கான ‘டேட்டா ஸ்ட்ரீம்’ ஒன்றை உருவாக்கினால் ‘ஜி’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் அடையாளக் குறியீடு கிடைக்கும். அதைச் செயலி எழுதுவோருக்கான ஷாப்பிஃபை பார்ட்னர் கணக்கில், செயலிப் பக்கத்தைத் திருத்தும் இடத்தில் ஒட்ட வேண்டும். ‘யுஏ’ என்று தொடங்கும் குறியீட்டை ஒட்டச் சொல்லும் பழைய வழிகாட்டிகள் இன்னும் உலவுகின்றன. அந்தத் தலைமுறை அனலிட்டிக்ஸ் 2023 ஜூலை 1 முதல் புதிய தரவை ஏற்பதை நிறுத்திவிட்டது. அந்த வழிகாட்டிகளைப் படித்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இனி யாராவது பக்கத்தைத் திறந்தால் அவருடைய உலாவியில் ஒரு குக்கி பதியும். அதில் பெயரோ மின்னஞ்சலோ இருக்காது. ஏதோ ஒரு எண் இருக்கும். அதே உலாவி மறுநாள் வந்தால், நேற்று வந்தவர்தான் என்று அந்த எண்ணை வைத்து அனலிட்டிக்ஸ் கண்டுகொள்ளும்.

சிக்கல் பொத்தானை அழுத்திய பிறகுதான் தொடங்குகிறது. அழுத்தியவுடன் செயலி நிறுவப்படுவதில்லை. கடைக்காரர் தன் கணக்கில் நுழைய வேண்டும். ‘வாடிக்கையாளர் விவரங்களைப் பார்க்கவும் ஆர்டர்களைத் திருத்தவும் இந்தச் செயலிக்கு அனுமதி தருகிறீர்களா?’ என்ற திரையைத் தாண்ட வேண்டும். அதைப் படித்துவிட்டுத் திரும்பிப் போகிறவர்கள் உண்டு. இந்தத் திரைகள் வேறு இடத்தில் இருப்பதால் வாசலில் உட்கார்ந்த கணக்குப்பிள்ளையின் கண்ணுக்கு எட்டாது. ஆகவே நிறுவல் முடிந்ததும் ஷாப்பிஃபையின் சர்வரே நேரடியாகக் கூகுளுக்குத் தகவல் அனுப்புகிறது. அதற்கு ‘ஏபிஐ சீக்ரெட்’ என்னும் ரகசியச் சாவி தேவை. டேட்டா ஸ்ட்ரீம் அமைப்பிலேயே அதை உருவாக்கி, குறியீட்டோடு சேர்த்து ஒட்டிவிட வேண்டும். இதை விட்டுவிட்டால் அழுத்தல்கள் கணக்கில் வரும், நிறுவல்கள் வராது. அழுத்தலும் நிறுவலும் அருகருகே இருந்தால்தான் குறை பக்கத்திலா, அனுமதித் திரையிலா என்று தெரியும். என்னைக் கேட்டால், இந்த ஏற்பாடு முழுவதுமே இந்த இரண்டு எண்களுக்காகத்தான். சாவியை மட்டும் வெளியே விடாதீர்கள்; அது கையில் இருந்தால் யார் வேண்டுமானாலும் பொய்க் கணக்கு எழுதலாம்.

அடுத்த புதையல் முகவரியின் வாலில் இருக்கிறது. சந்தைக்குள்ளிருந்தே வந்தவரின் பக்க முகவரியில் ‘சர்ஃபேஸ் டைப்’, ‘சர்ஃபேஸ் டீடெயில்’ என்று சில ஒட்டுகள் சேரும். முதலாவது, வந்தவர் தேடலில் வந்தாரா, வகைப் பட்டியலில் வந்தாரா என்று சொல்லும். இரண்டாவதில், தேடி வந்தவர் தட்டிய சொல்லே இருக்கும். நாம் பக்கத்தில் ‘சரக்கு மேலாண்மை’ என்று எழுதியிருப்போம். கடைக்காரர் ‘ஸ்டாக் அலர்ட்’ என்று தேடியிருப்பார். பக்கத்தின் வாசகத்தை எப்படி மாற்றுவது என்பதற்கு இதைவிடத் தெளிவான துப்பு கிடைக்காது. நாமே அனுப்பும் மின்னஞ்சல், விளம்பர இணைப்புகளுக்கு, எங்கிருந்து வந்தார் என்று காட்டும் ‘யுடிஎம்’ ஒட்டுகளை நாம்தான் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் மின்னஞ்சலைப் பார்த்து வந்தவர்களில் பலர் ‘நேரடியாக வந்தவர்’ என்ற மூட்டைக்குள் போய் விழுவார்கள்.

இந்தக் கணக்கை வேதவாக்காக எடுக்கக் கூடாது. விளம்பரத் தடுப்பான் வைத்திருப்போரும் குக்கிக்கு மறுப்புச் சொல்வோரும் பக்கத்தைப் பார்ப்பார்கள், கணக்கில் வரமாட்டார்கள். நிறுவல் எண்ணிக்கையில் முரண் வந்தால் பார்ட்னர் கணக்கு சொல்வதையே நம்புங்கள். எந்த வழியில் வருவோர் கூடுகிறார்கள், எதில் குறைகிறார்கள் என்று பார்க்க அனலிட்டிக்ஸ் உதவும்.

ஒட்டி முடித்ததும் கைபேசியில் உங்கள் பக்கத்தைத் திறந்து, ‘ரியல்டைம்’ அறிக்கையில் ஆள் தெரிகிறாரா என்று பாருங்கள். விரிவான தரவை அனலிட்டிக்ஸ் வழக்கமாக 2 மாதங்கள் மட்டுமே வைத்திருக்கும். அமைப்பில் 14 மாதங்களாக மாற்றலாம், செலவில்லை. அழிந்த தரவு திரும்ப வராது என்பதால் அதை முதல் நாளே செய்துவிடுங்கள்.