எண்ணெய் தரும் பூஞ்சணமும் காற்றும்

எண்ணெய் என்றவுடன் திருகோணமலையார் உள்ளத்தில் தோன்றுவன, ஆங்கிலேயர் ஆட்சியிற் சீனக்குடாவில் எழுந்த பெருந்தாங்கிகளேயாம். 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் நாள் யப்பானிய விமானத் தாக்குதலில் அவற்றுளொன்று தீக்கிரையாயிற்று. போரானது எரிபொருளை மட்டுமன்றி உணவுக் கொழுப்பையும் அரிதாக்கும். முதலாம் உலகப் போரிற் கொழுப்பின்றி வருந்திய சேர்மனியில், போல் லிந்தினர் என்னும் அறிஞர் மதுவம் போன்றதொரு பங்கசிலிருந்து கொழுப்பைப் பெற முயன்றார். அதனை ஆழமற்ற தட்டுகளிற் பரப்பிக் காற்றுப்பட வளர்த்தனர். காற்று வேண்டப்பட்டது ஏன்?

நொதித்தல் காற்றின்றி நிகழ்வது என மாணவர் மனனஞ் செய்வர். கள் முட்டியில் மதுவம் வெல்லத்தை மதுசாரமாக்குவதற்கு அது பொருந்தும். கைத்தொழிலிலோ, காற்றூட்டி நுண்ணுயிர் வளர்த்தலும் நொதித்தலென்றே வழங்கும். எண்ணெயாக்கம் இவ்வகையினது. ஊடகத்தில் நைதரசன் தீர்ந்து வெல்லம் எஞ்சுங்கால், பங்கசு புதிய கலங்களை ஆக்கவியலாது, எஞ்சிய காபனைக் கொழுப்பாகச் சேமிக்கும். அதற்கு வேண்டிய சத்தியைச் சுவாசம் அளிக்கும். ஒட்சிசன் அற்றுப்போயின், மியூக்கோர் என்னும் பங்கசு இழையுருவை நீத்து, மதுவம்போல் அரும்பி, வெல்லத்தை மதுசாரமாக்கிவிடும்.

எண்ணெயின் அளவு மட்டுமன்று, தன்மையும் ஒட்சிசனைச் சார்ந்ததே. மோட்டியரெல்லா அல்பைனா என்னும் மண்வாழ் பங்கசு அரக்கிடோனிக்கமிலத்தை மிகுதியாகத் தருவது. தாய்ப்பாலிலுள்ள இக்கொழுப்பமிலம், இன்று குழந்தைப் பால்மா பலவற்றில் இப்பங்கசின் எண்ணெயாகவே சேர்க்கப்படுகின்றது. 20 காபன் அணுக்கள் கொண்ட அதன் சங்கிலியில் 4 இரட்டைப் பிணைப்புகள் உள. ஒவ்வொன்றையும் உண்டாக்க நொதியம் ஓர் ஒட்சிசன் மூலக்கூற்றைச் செலவிடும். காற்றுக் குறையின் அப்பிணைப்புகளும் குறையும்.

ஆயின் நீரில் ஒட்சிசன் எளிதிற் கரைவதன்று. நமது துறைமுகத்துக் கோடை வெப்பமாகிய 30 பாகை சதமத்தில், காற்றோடு கலந்து நிரம்பிய ஓர் இலீற்றர் நன்னீர் 7.5 மில்லிகிராம் அளவே கொள்ளும். ஆகவே காற்றை இடைவிடாது ஊதிக் கலக்கல் வேண்டும். இழைகள் பெருகுந்தோறும் கரைசல் கூழாகிக் காற்றைத் தடுக்கும். வலிந்து கலக்கின் இழைகள் அறும், மின்செலவும் ஏறும். இழைகள் உருண்டைகளாகத் திரண்டாற் கலக்கல் எளிதாயினும், உருண்டையின் நடுப்பகுதி காற்றின்றி வாடும்.

100 கிராம் குளுக்கோசிலிருந்து கொள்கையளவிற்கூட ஏறத்தாழ 33 கிராம் எண்ணெயே பெறலாம். ஆதலின் மலிவான தேங்காயெண்ணெய்க்குப் பங்கசு மாற்றாகாது. கிடைத்தற்கரிய எண்ணெய்களுக்கே அது தகும். பெறுமதியற்றதென நாம் கருதும் காற்றே அதன் விலையை நிருணயிக்கின்றது. மனனஞ் செய்த சூத்திரத்தோடு நின்றுவிடும் மாணவன் இவ்வுண்மையைக் காணான்.